12 நகர்வில் தோற்ற பையனுக்கு ஓப்பனிங்கை மாற்ற வேண்டுமா?

செங்காங்கிலிருந்து ஓர் அம்மா கேட்டிருந்தார். மகன் தொடக்கநிலை 4 படிக்கிறான். ஜூன் விடுமுறையில் நடந்த வயதுப் பிரிவுச் சதுரங்கப் போட்டியில் கறுப்புக் காய்களுடன் ஆடி 12ஆவது நகர்வில் செக்மேட் ஆகிவிட்டான். ஆளுக்கு 60 நிமிடம் கொடுத்திருந்தார்கள். இவன் 8 நிமிடம்கூடச் செலவழிக்கவில்லை. வெளியே வந்து ஒரே அழுகை. பயிற்றுநர், "இனிமேல் இ4க்கு இ5 வைக்க வேண்டாம், சிசிலியனுக்கு (இ4க்கு சி5 வைக்கும் தற்காப்பு) மாறிவிடலாம், அதற்குத் தனி வகுப்பு எடுக்கிறேன்" என்கிறார். அப்பாவோ, "இந்த ஊரில் 8 வயசுப் பையன் கிராண்ட்மாஸ்டரையே ஜெயிக்கிறான், இவனுக்கு இது வராது போலிருக்கிறது" என்கிறார். நகர்வுத் தாளைப் படம் பிடித்து அனுப்பி, "என்ன செய்யலாம், சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறார்.

ஓப்பனிங்கை, அதாவது ஆட்டத்தைத் தொடங்கும் முறையை, மாற்ற வேண்டாம். ஒரே ஒரு நகர்வைக் கற்றுக்கொடுங்கள். அதைவிட முக்கியம், அவன் ஏன் 8 நிமிடத்தில் ஆட்டத்தை முடித்தான் என்று பாருங்கள். சிசிலியன் வகுப்புக்குக் கட்டும் பணம் இந்த இரண்டில் எதையும் சரிசெய்யாது.

முதலில் ஆட்டம். சதுரங்களை ஏ முதல் எச் வரை, 1 முதல் 8 வரை என்று வழக்கம்போல எழுதுகிறேன். ஒவ்வொரு வரியிலும் முதலில் வெள்ளை, பிறகு கறுப்பு; காயின் பெயர் இல்லாவிட்டால் அது சிப்பாய்.

1. இ4 இ5
2. குதிரை எஃப்3, குதிரை சி6
3. பிஷப் சி4, குதிரை எஃப்6
4. குதிரை ஜி5, டி5
5. சிப்பாய் டி5ஐ வெட்டுகிறது, குதிரை டி5ஐ வெட்டுகிறது
6. குதிரை எஃப்7ஐ வெட்டுகிறது, ராஜா அதை வெட்டுகிறார்
7. ராணி எஃப்3 செக், ராஜா இ6
8. குதிரை சி3, குதிரை டி4
9. பிஷப் டி5ஐ வெட்டி செக், ராஜா டி6
10. ராணி எஃப்7, குதிரை சி2ஐ வெட்டி செக்
11. ராஜா டி1, குதிரை ஏ1ஐ வெட்டுகிறது
12. குதிரை இ4, செக்மேட்

வீட்டில் பலகை இருந்தால் அடுக்கி வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். பையனையும் கூட உட்கார வையுங்கள், ஆனால் அழுத அன்றைக்கு வேண்டாம்.

இதற்கு இரு குதிரைத் தற்காப்பு என்று பெயர். வெள்ளை 6ஆவது நகர்வில் குதிரையைப் பலி கொடுப்பதை ஃபிரைட் லிவர் அட்டாக் என்பார்கள். பழங்கால இத்தாலிய ஆட்டக்காரர் பொலேரியோ 1600களின் தொடக்கத்தில் ஆடியதாகச் சொல்லப்படும் ஆட்டம் ஒன்றிலேயே இது வருகிறது. அதாவது நானூறு வருடமாக இந்த வலையில் ஆட்கள் விழுந்துகொண்டிருக்கிறார்கள். சிங்கப்பூரில் 12 வயதுக்குட்பட்டோர் போட்டி எதற்குப் போனாலும் ஏதாவது ஒரு மேசையில் இதைப் பார்க்கலாம். யூடியூபில் ஐந்து நிமிடக் காணொளியாகக் கிடைப்பதால் வெள்ளைக் காயில் உட்காரும் பையன்களுக்கு இது மனப்பாடம். உங்கள் மகனுக்கு எதிரே இருந்தவனும் அப்படி வந்தவனாகத்தான் இருக்க வேண்டும்.

முதல் மூன்று நகர்வுகளில் குறை ஒன்றுமில்லை. நான்காவதில் வெள்ளைக் குதிரை ஜி5க்குப் போகிறது. ஒரே காயை இரண்டு முறை நகர்த்தி, மற்ற காய்களை வீட்டிலேயே விட்டுவிட்டு, எஃப்7ஐ மட்டும் குறிவைப்பது கொள்கைப்படி மோசமான நகர்வு. ஜெர்மானிய மேதை டாரஷ் இதைக் கற்றுக்குட்டிகளின் நகர்வு என்றே திட்டியிருக்கிறார். ஆனாலும் இன்றுவரை கிராண்ட்மாஸ்டர்கள் இதை ஆடுகிறார்கள், காரணம் இதற்குப் பதில் சொல்வது லேசில்லை. உங்கள் மகன் டி5 வைத்தான். அது சரியான பதில்.

ஐந்தாவதில்தான் முதல் சறுக்கல். வெள்ளைச் சிப்பாய் டி5இல் வந்து நிற்கிறது, எடுக்கலாம், குதிரையால் எடுத்தான். பத்து வயதில் எல்லாரும் எடுப்பார்கள், பெரியவர்களும் எடுப்பார்கள். இழந்த சிப்பாயைத் திரும்ப வாங்குகிறோம், குதிரையும் நடுப்பலகைக்கு வருகிறது, இதில் என்ன தப்பு என்றுதான் தோன்றும். தப்பு, எஃப்7ஐக் காக்க இப்போது ராஜா மட்டும்தான் இருக்கிறார். வெள்ளைக் குதிரை அங்கே குதித்தால் ராணியையும் யானையையும் ஒரே நேரத்தில் தாக்கும். ராஜா வெட்டியே ஆக வேண்டும். வெட்டியதும் எஃப்3இலிருந்து ராணி செக் வைக்கும். அந்த ராணி டி5 குதிரையையும் சேர்த்துப் பார்க்கிறது. சில பேர் குதிரையைப் பலி கொடுக்காமல் 6. டி4 என்று நிதானமாக அழுத்துவார்கள். அது இன்னும் கொடுமை.

சரி, ஏழாவது நகர்வுக்கு வருவோம். அப்பாவுக்கு நான் காட்ட விரும்புவது இதைத்தான். செக் வந்ததும் பெரும்பாலான பிள்ளைகள் ராஜாவைப் பயந்துகொண்டு ஜி8க்கு ஓட்டிவிடுவார்கள். ஓடினால் கதை முடிந்தது: பிஷப் டி5ஐ வெட்டி செக், ராணி அதை வெட்டும், வெள்ளை ராணி அந்த ராணியை வெட்டி செக், நடுவில் பிஷப்பை இ6இல் வைத்தாலும் அதையும் வெட்டி செக்மேட். உங்கள் மகன் ஓடவில்லை. ராஜாவைத் தூக்கி இ6இல், பலகையின் நட்டநடுவில் வைத்திருக்கிறான். குதிரையைக் காப்பாற்ற இது ஒன்றுதான் வழி. அதைத் தானே கண்டுபிடித்து வைத்த பையனுக்குச் சதுரங்கம் வராது என்று சொல்லாதீர்கள்.

எட்டாவது நகர்வில்தான் ஆட்டம் போனது. இந்த நிலையைப் பலகையில் அப்படியே வைத்துக் கொஞ்ச நேரம் பாருங்கள். கறுப்புக் குதிரை டி5இல் நிற்கிறது. அதற்குப் பின்னால் இ6இல் ராஜா, எதிரே சி4இல் வெள்ளை பிஷப். குதிரை அசைந்தால் ராஜாவுக்கு செக், ஆகவே அது நின்ற இடத்திலேயே கட்டுண்டு கிடக்கிறது. அதை இப்போது எத்தனை காய் தாக்குகிறது? சி4 பிஷப், எஃப்3 ராணி, புதிதாக வந்த சி3 குதிரை, ஆக மூன்று. எத்தனை காய் காக்கிறது? இ6 ராஜா, டி8 ராணி, ஆக இரண்டு. மூன்றுக்கு இரண்டு. இன்னொரு காவல் வந்தே ஆக வேண்டும். அது சி6 குதிரைதான், அதற்கு இரண்டு சதுரங்கள் இருக்கின்றன: இ7 அல்லது பி4. இரண்டிலிருந்தும் டி5ஐக் காக்கலாம். பி4 என்றால் சி2ஐயும் தாக்கலாம், அதனால் அது கொஞ்சம் வலுவான நகர்வு. அதற்குப் பிறகும் வெள்ளைக்குத்தான் ஆட்டம் சாதகம், ஆனால் வெள்ளை ஒவ்வொரு நகர்வையும் சரியாக வைக்க வேண்டும். காணொளி பார்த்து வந்த பையனுக்கு மனப்பாடம் அநேகமாக இந்த இடத்தில் தீர்ந்துபோயிருக்கும்.

உங்கள் மகன் அதே குதிரையை டி4இல் வைத்தான். ஏன் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. டி4இலிருந்து அது வெள்ளை ராணியைத் தாக்குகிறது, சி2இல் ஃபோர்க்கும் (ராஜாவையும் யானையையும் ஒரே நேரத்தில் தாக்குவது) காத்திருக்கிறது. ஒரே நகர்வில் இரண்டு மிரட்டல்! பார்த்ததும் கை போயிருக்கும். நகர்வுத் தாளில் அந்த எட்டாவது வரியைப் பாருங்கள்: முதலில் பி4 என்று எழுதி அடித்துவிட்டு டி4 என்று எழுதியிருக்கிறான். சரியான நகர்வு அவன் மனத்தில் வந்திருக்கிறது. காய் எடுக்கும் ஆசை அதைத் தள்ளிவிட்டது. (நகர்வை முதலில் எழுதிவிட்டுப் பிறகு காயை நகர்த்தும் பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்தச் சொல்லுங்கள். காயை நகர்த்திய பிறகுதான் எழுத வேண்டும் என்பது சர்வதேச விதி. நடுவர் கண்டிக்கலாம்.)

அதற்கப்புறம் நடந்தது தானாக நடந்தது. பிஷப் டி5ஐ செக்குடன் வெட்டுகிறது. செக் என்பதால் ராணியை எடுக்க அவனுக்கு நேரமில்லை. ராஜா டி6க்குப் போகிறார், ராணி எஃப்7க்குத் தப்பிவிடுகிறது. தப்பியதோடு நிற்கவில்லை, அடுத்து குதிரை இ4 என்றால் செக்மேட் என்று மிரட்டுகிறது. அவன் அதைப் பார்க்காமல் சி2 சிப்பாயை வெட்டி செக் சொன்னான், பிறகு ஏ1 யானையையும் எடுத்தான். ஆட்டம் முடிந்தபோது அவனிடம் ஒரு யானை அதிகம். அதை எடுத்த குதிரை பலகையின் மூலையில், சண்டை நடக்கும் இடத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் நிற்கிறது. யானையை எடுக்காமல் விட்டிருந்தாலும் தோல்விதான், சற்றுத் தள்ளிப் போயிருக்கும்.

இப்போது அந்த ஒரே நகர்வு. ஐந்தாவதில் சிப்பாயை வெட்டாமல் குதிரையை ஏ5இல் வைக்க வேண்டும். வெள்ளைச் சிப்பாய் டி5இலிருந்து சி6 குதிரையைத் தாக்குகிறது அல்லவா? குதிரை அங்கிருந்து விலகிக்கொண்டே சி4 பிஷப்பைத் தாக்குகிறது. பிள்ளைகள் இதைத் தாமாகக் கண்டுபிடிக்காததற்குக் காரணம், "குதிரையைப் பலகை ஓரத்தில் வைக்காதே" என்று நாம்தான் முதல் வகுப்பிலிருந்து சொல்லி வருகிறோம். பொதுவாக நல்ல அறிவுரை, இந்த இடத்தில் செல்லாது.

தொடர்ச்சி இப்படிப் போகும்: 6. பிஷப் பி5 செக், சி6. 7. சிப்பாய் சி6ஐ வெட்டும், பி சிப்பாய் திருப்பி வெட்டும். இப்போது பிஷப் தாக்கப்பட்டு நிற்பதால் 8. பிஷப் இ2, எச்6. குதிரைக்கு வீடு காலி: 9. குதிரை எஃப்3, இ4. மறுபடியும் துரத்தல்: 10. குதிரை இ5, பிஷப் டி6. எண்ணிப் பார்த்தால் கறுப்புக்கு ஒரு சிப்பாய் குறைவு. ஆனால் வெள்ளை தன் குதிரையையும் பிஷப்பையும் திரும்பத் திரும்ப நகர்த்தியதில் நேரம் போனதுதான் மிச்சம். கறுப்புக் காய்கள் வெளியே வந்துவிட்டன, ராஜாவுக்கும் ஆபத்தில்லை. இப்போதெல்லாம் பெரிய ஆட்டக்காரர்கள் எட்டாவதில் பிஷப்பை டி3இல் வைப்பதும் உண்டு. பத்து வயதுப் போட்டியில் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

ஐந்தாவதில் குதிரை டி4, சிப்பாய் பி5 என்றெல்லாம் வேறு பதில்களும், நான்காவதில் எஃப்7ஐயே விட்டுக்கொடுத்து பிஷப் சி5 வைக்கும் டிராக்ஸ்லர் என்ற வெறியாட்டமும் இருக்கின்றன. வேடிக்கையாக இருக்கும், ஆனால் மனப்பாடம் அதிகம். இதெல்லாம் தலைவலி என்று தோன்றினால் மூன்றாவதிலேயே குதிரைக்குப் பதிலாக பிஷப்பை சி5இல் வைக்கலாம். அப்போது வெள்ளைக் குதிரை ஜி5க்கு வந்தால் டி8 ராணி அதைச் சும்மா எடுத்துக்கொள்ளும். பயந்துபோன பிள்ளைகள் மூன்றாவதிலேயே எச்6 வைத்து ஜி5ஐ அடைத்துவிடுவதைப் பார்க்கிறேன். அது நேர விரயம், பழக்கமாகிவிட்டால் போகவும் போகாது.

சிசிலியன் விஷயம். பயிற்றுநர் மேல் எனக்குக் கோபமில்லை, சிசிலியன் அருமையான ஓப்பனிங். ஆனால் வெள்ளை அதற்கு எதிராக எத்தனையோ விதமாக ஆடலாம், ஒவ்வொன்றுக்கும் பதில் தெரிந்திருக்க வேண்டும். தொடக்கநிலை 4இல் இருப்பவனுக்கு, துணைப்பாட வகுப்புகளுக்கு நடுவில், அவ்வளவையும் ஏற்றினால் எதுவும் நிற்காது. இதே பையன் இதே வேகத்தில் சிசிலியன் ஆடினால் 12இல் தோற்க மாட்டான், 22இல் தோற்பான். இ4, இ5 ஆட்டங்களில் காய்கள் சீக்கிரம் மோதிக்கொள்ளும், எதை எது தாக்குகிறது என்று எண்ணியே ஆக வேண்டும். அவனுக்குக் குறைவாக இருப்பது அந்த எண்ணும் பழக்கம்தான். அது வளரும் இடத்தை விட்டு அவனை ஏன் கூட்டிப் போக வேண்டும்?

2024 நவம்பர், டிசம்பரில் செந்தோசாவில் நடந்த உலக சாம்பியன் போட்டியை நீங்களும் தொடர்ந்திருப்பீர்கள். நம் வீடுகளில் பாதிப் பிள்ளைகள் பலகையைத் தூசு தட்டி எடுத்ததே அப்போதுதான். குகேஷ் முதல் ஆட்டத்தில் வெள்ளைக் காய்களுடன் இ4 வைத்துத் தோற்றார், அப்போதைய உலக சாம்பியன் டிங் லிரென் அதற்குப் பிரெஞ்சுத் தற்காப்பு ஆடினார். குகேஷ் அதற்காக இ4ஐ மூட்டை கட்டி வைத்துவிடவில்லை. கடைசியில் பட்டத்தை முடிவு செய்தது 14ஆவது ஆட்டத்தின் 55ஆவது நகர்வு: டிங் யானையை எஃப்2இல் வைத்தார், யானையும் பிஷப்பும் பலகையை விட்டுப் போக, வெறும் ராஜாவும் சிப்பாய்களுமாக மிஞ்சிய ஆட்டம் குகேஷ் பக்கம் சாய்ந்தது. 7½-6½. ஓப்பனிங்குக்கும் அந்த யானைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சமமான ஆட்டம், களைப்பு, ஒரு கணம் எண்ணாமல் விட்டது. உலக சாம்பியனுக்கே அப்படி என்றால் தொடக்கநிலை 4ஐ விட்டுவிடுங்கள்.

அப்பா சொன்ன 8 வயதுப் பையன் கதையும் உண்மைதான். 2024 பிப்ரவரியில் சுவிட்சர்லாந்தின் பர்க்டோர்ஃபில், சிங்கப்பூர்ச் சிறுவன் ஒருவன் போலந்து கிராண்ட்மாஸ்டர் ஒருவரை ஜெயித்தான். அவ்வளவு சின்ன வயதில், நீண்ட நேர ஆட்டத்தில், அதுவரை யாரும் செய்யாதது. அதனால்தான் உலகச் செய்தியானது. உலகச் சாதனையை அளவுகோலாக வைத்தால் இந்த ஊரில் ஒரு பிள்ளையும் தேறாது.

இனி அந்த 8 நிமிடம். 60 நிமிடத்தில் 52ஐ மிச்சம் வைத்துவிட்டுத் தோற்பதுதான் இந்த வயதில் உண்மையான நோய். அவசரத்துக்குக் காரணம் பெரும்பாலும் இணையத்தில் ஆடும் மூன்று நிமிட ஆட்டங்கள். முழுக்க நிறுத்த முடியாது, நிறுத்தவும் வேண்டாம், ஆனால் போட்டிக்கு முந்தைய வாரம் வேண்டாம். போட்டியில் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்காரச் சொல்லுங்கள். தொட்ட காயை ஆட வேண்டும் என்ற விதி இருக்கிறது, கை முந்திக்கொண்டால் பிறகு கண் பார்த்துப் பயனில்லை. செக் வந்தாலும், காய் சும்மா கிடைத்தாலும், நகர்த்துவதற்கு முன் ஒரே கேள்வி: "நான் இதை வைத்தால் அவன் எனக்கு என்ன செக் வைப்பான்?" 8ஆவதில் இதைக் கேட்டிருந்தால் பிஷப் டி5 செக் தெரிந்திருக்கும், 10ஆவதில் கேட்டிருந்தால் குதிரை இ4 தெரிந்திருக்கும்.

பயிற்சிக்குத் தனி வகுப்பு தேவையில்லை. ஐந்தாவது நகர்வில் வெள்ளைச் சிப்பாய் டி5ஐ வெட்டிய நிலையைப் பலகையில் வைத்து, அங்கிருந்து அப்பாவும் மகனும் ஆடட்டும். ஒரு முறை மகன் கறுப்பு, ஒரு முறை அப்பா கறுப்பு. வீட்டில் இடமில்லை என்றால் புளோக்குக் கீழே பலகை பதித்த கல்மேசை இருக்கும், காய்களை மட்டும் எடுத்துப் போங்கள். (சாயங்காலம் பெரியவர்கள் சீனச் சதுரங்கத்துக்கு இடம் பிடித்துவிடுவார்கள், காலையில் போங்கள்.) ஆடி முடித்த பிறகு லிசெஸ் தளத்தில் நகர்வுகளைப் போட்டுப் பாருங்கள், அது இலவசம். எங்கே தவறு என்று கணினி உடனே காட்டிவிடும்; அதற்கு முன் அவனே சொல்லட்டும். நூலகத்தில் 794.1 என்ற எண் அடுக்கில் சதுரங்கப் புத்தகங்கள் இருக்கும். ஓப்பனிங் புத்தகத்தை விட்டுவிட்டு இரண்டு, மூன்று நகர்வில் செக்மேட் செய்யும் புதிர்ப் புத்தகம் ஒன்றை எடுங்கள்.

கடைசியாக, அவனுக்கு உடனே பிடிக்கப்போவது இதுதான்: அதே ஃபிரைட் லிவரை அவனும் வெள்ளைக் காயில் ஆடட்டும். தன்னைக் கடித்ததை அவனைப் போல யாரும் படித்திருக்க மாட்டார்கள். ஆனால் எதிரில் இருப்பவனுக்கு விவரம் தெரிந்து குதிரையை ஏ5இல் வைத்தால், பதிலுக்கு 6. பிஷப் பி5 செக் வைக்கப் பழகிக்கொள்ள வேண்டும். பிஷப்பைக் காப்பாற்றுகிறேன் என்று 6. டி3 வைத்தால் எச்6 வரும், குதிரை பின்வாங்கும், உடனே இ4 வந்து அதை மறுபடியும் துரத்தும்.